நீலக்கொடியும் நாவடக்கமும்



ஜித்ராவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் அடிக்கடி ஒரு காட்சியைக் காணலாம். பழைய கஞ்சில் மகிழுந்து ஒன்று லாரியை முந்துவதற்காக வலத்தடத்துக்கு வந்திருக்கும். அதன் பின்னால் விலையுயர்ந்த வண்டி ஒன்று விளக்கை மின்னி மின்னி விரட்டும். கடந்து போகும்போது உள்ளிருந்து ஒரு கை எழும். வாய் எதையோ திட்டும். இதனைக் காணும்போதெல்லாம் எனக்குச் செப்பாங் நினைவுதான் வரும்.

2012 மார்ச்சு 25ஆம் நாள் அங்கே பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் எச்.ஆர்.டி. அணிக்காக ஓட்டினார். அவ்வாண்டின் மிக மெதுவான வண்டிகளுள் ஒன்று அது. முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் அவ்வணியின் இரு வண்டிகளும் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை.

செப்பாங்கில் உலக வெற்றியாளர்கள் இருவர் கார்த்திகேயனோடு மோதினர். முதலாமவர் ஜென்சன் பட்டன். முன் இறக்கை உடைந்து 14ஆம் இடத்துக்குப் போனார். ஆயினும், தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாமவர் செபஸ்தியன் வெட்டல். நான்காம் இடத்தில் வந்துகொண்டிருந்தவர், கார்த்திகேயனை ஒரு சுற்று முந்தும்போது உரசிச் சக்கரம் பழுதாகி 11ஆம் இடத்தில் முடித்தார். ஓட்டியபடியே விரலைக் காட்டினார். பின்னர், சாலைகளில் இருப்பதைப் போலவே பந்தயத் தடத்திலும் முட்டாள்கள் உண்டு என்னும் பொருள்பட ஊடகங்களிடம் பேசினார். கார்த்திகேயன் தம்மீது தவறில்லை என்றார். நடுவர்களோ அவருக்கே 20 வினாடி தண்டனை விதித்தனர்.

வெட்டலின் கோபத்திலும் நியாயம் உண்டு. நான்காம் இடத்துக்கு 12 புள்ளிகள். அவ்வாண்டு இறுதியில் அவர் அலோன்சோவை வென்றதே வெறும் 3 புள்ளிகளில்தான் (281, 278). நீலக்கொடி காட்டப்பட்டால் பின்தங்கிய ஓட்டுநர் வழிவிட வேண்டும் என்பதும் விதியே. ஆகவே, அந்த 20 வினாடியைப் பற்றி நான் வாதிட வரவில்லை.

என் கேள்வி வேறு. உரசலுக்கு அன்று தண்டனை கிடைத்தது. விரலுக்கும் வசைக்கும் ஏன் கிடைக்கவில்லை? நீலக்கொடி, ‘வழிவிடு’ என்றுதான் சொல்கிறது. ‘நீ தாழ்ந்தவன்’ என்று சொல்லவில்லையே! பட்டனுக்கும் இழப்பு நேர்ந்தது. அவர் மோதியதும் அதே மெதுவான வண்டியோடுதான். எனினும், அவர் முதலில் தம் தவறைப் பார்த்தார்.

இதனை ஆசிரியராகவே எழுதுகிறேன். பள்ளிக் குறுக்கோட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளையிடம் ‘ஓரமாகப் போ’ என்று நாம் சொல்லத் தயங்குவதில்லை. வேகமாக ஓடும் பிள்ளையிடம் ‘கடக்கும்போது ஏளனம் செய்யாதே’ என்று சொல்கிறோமா? முப்பது மாணவர்கள் மட்டுமே பயிலும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகள் வட்டாரப் போட்டியில் பெரிய பள்ளிகளோடு ஓடுகிறார்கள். தோல்வியை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தோற்றபின் கேட்ட சிரிப்புதான் அடுத்த ஆண்டு அவர்களைத் திடலுக்கு வரவிடாமல் செய்யும்.

2017ஆம் ஆண்டோடு செப்பாங்கில் பார்முலா ஒன் ஓய்ந்துவிட்டது. நம் பள்ளித் திடல்களில் போட்டிகள் ஓயவில்லை. அடுத்த விளையாட்டுப் போட்டியில் பரிசுக் கிண்ணங்களோடு நன்னடத்தைக்கும் ஒரு கிண்ணம் வைத்தால் என்ன? அதனை முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே அளவுகோலால் வழங்குவோம்.

உங்கள் கருத்து என்ன? சிந்திப்போம்!