விடுதிக்கு ஆளில்லை, ஆளுக்கு வீடில்லை

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் குடியிருப்போர் சுமார் 40,000 பேர். ஆண்டுதோறும் வந்து போகிறவர்களோ ஒரு கோடிக்கும் மேல். 2017-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மலைச்சரிவில் ஹெர்ட்விக் ஆடு மேய்க்கும் குடும்பங்களின் வாழ்முறையையும் கணக்கில் கொண்டது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இன்று சொந்த ஊரில் வீடு எட்டாக்கனி. வெளியூர்ப் பணக்காரர்கள் வாங்கிப்போட்ட வீடுகள் குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கின்றன. இம்மாவட்டத்து விண்டர்மியர் ஊரின் விடுதியில் படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் தொலைவிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் விடுதி எப்படி நடக்கும்? ஏப்ரல் 2025 முதல் இத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கச் சட்டம் இடம் தருகிறது. பணக்காரர்களுக்கு அது சுண்டைக்காய். வசூலாகும் கூடுதல் தொகையை உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கட்டவே செலவிட வேண்டும்.