உடல் தரும் மருந்து ஊருக்கு எட்டுமா?

குற்றால அருவியில் குளித்தால் உடல் நோவு பறந்துவிடும் என்பார்கள். அசதி பறக்கலாம், முடக்கு வாதம் பறக்குமா? கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படையே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. பெண்களையே மிகுதியாகப் பற்றுவது. தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றும் தாய்மார்களின் விரல் மடங்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. என்னைப் போன்ற முதல் தலைமுறை மாணவர் பலருடைய கல்லூரிக் கட்டணமும் அந்த விரல்கள் ஈட்டியதன்றோ?

மூட்டில் அழற்சியை மூட்டிவிடுவதில் டி.என்.எஃப். என்னும் புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் நெருப்பை வைத்த இயற்கை, அதை அணைக்க நீரையும் வைத்திருக்கிறது! அப்புரதம் வந்து ஒட்டும் ஏற்பிகளுள் சில, உயிரணுவிலிருந்து கழன்று இரத்தத்தில் மிதந்து, அதை வழியிலேயே மடக்கிப் பிடிக்கின்றன. நோயாளிக்கு இந்தக் காவல் போதுவதில்லை.

லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் லண்டனில், டி.என்.எஃபைத் தடுத்தால் நோய் தணியும் என்று நோயாளிகளிடமே கண்டனர். அவர்கள் கையாண்டது ஓர் எதிர்ப்புப் புரதம். உடலின் சொந்தக் காவலனான ஏற்பியையே மருந்தாக்கிய எட்டனெர்செப்ட் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துவிடும். ஆகவே ஊசியாகவே போடுகிறார்கள். 2013இல் சிப்லா நிறுவனம் இந்தியாவில் விலை குறைந்த வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் மாதக் கணக்கில் போடவேண்டிய அந்த ஊசி, பீடிக் கூலிக்கு இன்றும் எட்டாக் கனியே.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதும் இதே டி.என்.எஃப். தான். அதைத் தடுத்தால் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். சோதித்துப் பார்த்த பிறகே ஊசி போட வேண்டும்.

எல்லோருக்குமா இவ்வளவு விலையுள்ள மருந்து என்று கேட்கலாம். வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் வாரம் ஒருமுறை உண்ணும் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மலிவான மாத்திரையே பலருக்குப் போதும். அதற்கும் அடங்காதவர்களுக்கு மட்டும் அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசமாகக் கிடைக்கட்டும். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, நெடுநேரம் விறைத்திருந்தால் அது வயதின் கோளாறு அல்ல என்று ஊர்தோறும் சொல்ல வேண்டும். அறிவியல் பயிலும் நாமே அதைத் தொடங்கலாமே!

ஏழையின் இரத்தத்திலும் ஓடும் புரதம் அது. அதை மருந்தாக்கிய பிறகு பணக்காரருக்கு மட்டும் உரியதாக்குவது நீதியாகுமா?