செயலிக்குள் புகுந்த பேய்!

2015-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். சீனாவில் ஒரு செய்தி காட்டுத்தீ போல் பரவியது. கோடிக்கணக்கான ஜனங்கள் செல்போனில் தினமும் உபயோகிக்கும் "வீசாட்" செயலிக்குள் திருட்டுக் கட்டளைகள் புகுந்துவிட்டன என்பதே அந்தச் செய்தி.

வீசாட் மட்டும் அல்ல. வாடகைக் கார் அழைக்கும் செயலி, பாட்டுக் கேட்கும் செயலி, ரெயில் டிக்கெட் வாங்கும் செயலி என்று வரிசையாகப் பெயர்கள் வெளிவந்தன.

இவை தெருவோரச் சரக்கு அல்ல. பேர்போன கம்பெனிகள் தயாரித்தவை. ஆப்பிள் கம்பெனியின் கடையில், சோதனை முடிந்து வைக்கப்பட்டவை. பிறகு எப்படி வந்தது கேடு?

முறுக்கு அச்சு

ஐபோன் செயலி தயாரிக்க ஒரு கருவி வேண்டும். அதன் பெயர் "எக்ஸ்கோடு". ஆப்பிள் கம்பெனியே அதை இனாமாகக் கொடுக்கிறது. எஞ்சினீயர் எழுதும் கட்டளைகளை ஐபோனுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது இந்தக் கருவிதான்.

முறுக்கு பிழிகிற அச்சு மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம். மாவு நல்ல மாவு. பிழிகிற பெண்ணும் சுத்தமானவள். ஆனால் அச்சில் விஷம் தடவி இருந்தால்? பிழியும் முறுக்கு எல்லாம் விஷம்தான்.

சீனாவில் நடந்தது அதுதான். மர்ம ஆசாமி ஒருவன் எக்ஸ்கோடு கருவியின் நகலை எடுத்து, அதில் தன் கட்டளைகளைச் செருகினான். இண்டர்நெட்டில் "பைடு" கம்பெனி நடத்தும் சேமிப்புக் கிடங்கில் அதைப் போட்டு வைத்தான். எஞ்சினீயர்கள் பலர் அங்கே போய் எடுத்துக் கொண்டார்கள்.

ஆப்பிளிடமே இனாமாகக் கிடைக்கும்போது அங்கே ஏன் போனார்கள்? அவசரம்! கருவியின் அளவு கிட்டத்தட்ட 3 ஜி.பி. அதை இறக்கிக் கொள்ள அமெரிக்காவில் 25 நிமிஷம் என்றால், சீனாவில் அதைப் போல் 3 மடங்கு ஆகலாம் என்று ஆப்பிள் அதிகாரி பில் ஷில்லர் பின்னால் சொன்னார். ஒரு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லை. அவ்வளவுதான்!

ஆப்பிள் கம்ப்யூட்டரில் "கேட்கீப்பர்" என்று ஒரு காவல்காரன் உண்டு. யாரோ கைவைத்த சரக்கு வந்தால் தடுப்பான். அந்தக் காவல்காரனையும் எஞ்சினீயர்களே தூங்க வைத்துவிட்டார்கள். திருடன் கெட்டிக்காரன்தான். ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள் வீட்டுக்காரர்கள்!

முத்திரை விழுந்தது

செயலி தயாரானதும் கம்பெனி அதில் தன் முத்திரையைக் குத்தும். பிறகு யாராவது கைவைத்தால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். இங்கே கேடு நேர்ந்ததோ முத்திரை குத்துவதற்கு முன்பு! ஆகவே விஷத்துக்கும் சேர்த்து நல்ல கம்பெனியின் முத்திரை விழுந்தது. கடையில் சோதிப்பவர்களும் ஏமாந்தார்கள்.

"அலிபாபா" கம்பெனியின் நிபுணர்கள் பிரித்துப் பார்த்து, இதற்கு "எக்ஸ்கோடு கோஸ்ட்" என்று பெயர் வைத்தார்கள். கோஸ்ட் என்றால் பேய். செல்போனின் அடையாளம், மொழி, நாடு, செயலியின் பெயர் ஆகியவற்றை அந்தப் பேய் வெளியே அனுப்பியது. பணமோ சொந்த விவரமோ பறிபோனதாகத் தெரியவில்லை என்று வீசாட்டை நடத்தும் "டென்சென்ட்" கம்பெனி அறிவித்தது.

"பரீட்சைக்காகச் செய்தது, மன்னிக்கவும்" என்ற கருத்தில், செய்தவன் பெயரால் ஓர் அறிக்கையும் வந்தது. பரீட்சை செய்ய ஊரார் செல்போன்தானா கிடைத்தது!

ஆப்பிள் கெட்டுப்போன செயலிகளைக் கடையிலிருந்து எடுத்தது. சீனாவிலேயே கருவி சீக்கிரம் கிடைக்க வழி செய்வதாகவும் சொன்னது.

கடிதம் போனதா?

எத்தனை பேர் மாட்டினார்கள் என்பது அப்போது வெளியே வரவில்லை. 2021-ல் ஆப்பிளுக்கும் "எபிக் கேம்ஸ்" கம்பெனிக்கும் நடந்த வேறொரு வழக்கில்தான் வந்தது. ஆப்பிள் அதிகாரிகள் எழுதிக் கொண்ட இ-மெயில்கள் கோர்ட்டில் தாக்கலாயின. கெட்டுப்போன செயலிகள் சுமார் 2,500. அவற்றை இறக்கிக் கொண்டவர்கள் 12 கோடியே 80 லட்சம் பேர்! அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 80 லட்சம் பேர்.

இத்தனை பேருக்கும் தனித்தனியாகத் தகவல் அனுப்புவது எப்படி, எந்த எந்த மொழியில், ஒவ்வொருவர் இறக்கிய செயலியின் பெயரையும் தப்பில்லாமல் எழுத முடியுமா என்றெல்லாம் அதிகாரிகள் யோசித்திருக்கிறார்கள். யோசனை நியாயமானதுதான். ஆனால் 2015-ல் ஜனங்களின் கண்ணில் பட்டது இண்டர்நெட்டில் ஆப்பிள் போட்ட ஒரு பக்கம். அதில் இருந்த பெயர்கள் 25. 2,500-ல் 25! பிற்பாடு அந்தப் பக்கமும் எடுக்கப்பட்டுவிட்டது.