தலைப்பில்லாத கணக்கு தலைவலியே தரும்

பேரேடு எழுதிப் பழகியவர்கள் நாம். கோடு போட்ட பேரேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தேதி, விவரம், பற்று, வரவு, நிலுவை என்ற தலைப்புகள் மேலே நிற்கும். கணக்கப்பிள்ளை மாறினாலும் கணக்கு மாறாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று இணையவழி மென்பொருளில் பில் போடுகிறோம்; இருப்பும் பார்க்கிறோம். ஆனால் பல மென்பொருள்களில் இருபது வரி கீழே இறங்கினால் தலைப்புகள் மேலே போய் மறைந்துவிடுகின்றன. எஞ்சுவது வெறும் எண்களே. எது விலை, எது வரி என்று மீண்டும் மேலே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்தச் சிக்கல் பெருகியுள்ளது. ஒரே சரக்குக்கு எச்.எஸ்.என். குறியீடு, அளவு, விலை, வரிக்குரிய மதிப்பு, மத்திய வரி, மாநில வரி என அடுக்கடுக்காக எண்கள். மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரியும் மாநில வரியும் ஒரே தொகை. தலைப்பு இல்லாவிட்டால் எது எதுவென்று யார் சொல்வது?

தலைப்பு இருந்தால் மட்டும் போதாது. தெளிவாகவும் இருக்க வேண்டும். வெறுமனே "விலை" என்றிருந்தால், அது வரி சேர்த்ததா, சேர்க்காததா? 18 சதவீத வரியுள்ள சரக்கின் வரி சேர்க்காத விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை வரி சேர்த்த விலை என்று எண்ணி 100 ரூபாய்க்கே விற்றால், வரி போக நம் கைக்கு வருவது 84 ரூபாய் 75 காசுதான். இரண்டு மூன்று சதவீத லாபத்தில் தொழில் செய்யும் மொத்த வியாபாரி இதைத் தாங்குவாரா? "அளவு" என்பதும் அப்படித்தான். மூட்டையா, கிலோவா என்று தலைப்பே சொல்ல வேண்டாமா?

கைப்பேசித் திரையில் இடமில்லை என்று மென்பொருள் செய்வோர் சமாதானம் கூறுகின்றனர். இடம் போதாவிட்டால் அவசியமில்லாத ஒரு பத்தியை மறைக்கட்டும். தலைப்பை மறைப்பது முறையன்று. இது பெரிய வேலையுமன்று. அட்டவணைத் தலைப்பைத் தனியே குறித்து, அச்சிடும்போது ஒவ்வொரு பக்கத்திலும் அது வருவதற்கான வழி 1997-இல் வெளியான எச்.டி.எம்.எல். 4 விதிகளிலேயே இருக்கிறது. திரையில் தலைப்பை நிலையாக நிறுத்தும் வசதியும் இன்றைய உலாவிகளில் உண்டு.

எனவே மென்பொருள் வாங்குமுன் நான்கு விஷயங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒன்று, கீழே இறங்கினாலும் தலைப்பு நிற்கிறதா? இரண்டு, அச்சிட்டால் இரண்டாம் பக்கத்திலும், எக்செல் கோப்பாக இறக்கினால் முதல் வரியிலும் தலைப்பு வருகிறதா? மூன்று, அலகும் வரி நிலையும் தலைப்பிலேயே உள்ளனவா? நான்கு, கடைப் பையன்களும் படிக்கும்படி தமிழில் தலைப்பு வைக்க வழியிருக்கிறதா?

இந்த நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே முன்பணம் கொடுப்போம். தனித்தனியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். சங்கத்தின் வழியே ஒரே குரலில் கேட்டால் செய்து தருவார்கள். பணம் நம்முடையது, கணக்கும் நம்முடையது. கேட்கத் தயங்க வேண்டியதில்லை.