பாட்டைத் தெரிவு செய்பவர் யார்?

எங்கள் அம்மான் இறுதிப் படுக்கையிற் கிடந்தபோது, சுற்றத்தவர் சூழ இருந்து சிவபுராணம் ஓதினர். நாமும் உடன் ஓதினோம். இடையில் அவர் கண் விழித்து, இளமையிற் கேட்டுச் சுவைத்த நாடகப் பாட்டொன்றைப் பாடும்படி எம்மிடம் மெல்லக் கேட்டார். “இந்த நேரத்தில் அதுவோ, அம்மான்?” என்றோம். அவர் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் விடியுமுன் காலமானார்.

அண்மையில் இசைச் சிகிச்சை பற்றிப் படித்தபோது அந்த நினைவு எம்மைக் குத்திற்று. மாறா நோயாளரின் இறுதிக் காலப் பராமரிப்புக்கென, சிசிலி சோண்டேர்ஸ் அம்மையார் 1967 இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். அங்கு சென்று கண்டு வந்த வைத்தியர் பல்போர் மவுண்ட், 1975 இல் கனடாவின் மொன்றியல் நகரிலே, றோயல் விக்ரோறியா வைத்தியசாலையில் அத்தகைய பகுதியொன்றைத் தொடங்கினார். அங்கே இசைச் சிகிச்சையாளராக இருந்த சூசன் மன்றோ அம்மையாரும் அவரும், 1978 இல் தம் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

இசைச் சிகிச்சையாளர் கச்சேரி செய்ய வருபவரல்லர். எந்தப் பாட்டு வேண்டுமென நோயாளியை வினவுவதே அவரது முதல் வேலை. நோயாளி பதைப்புற்றிருந்தால், அவருடைய மூச்சின் வேகத்துக்கு இசைய வாசிக்கத் தொடங்கி, மெல்ல மெல்லத் தாளத்தைத் தளர்த்துவார். பலவேளை மூச்சும் உடன் தணியும். களைப்புத் தோன்றினால் நிறுத்துவார். வேண்டாமென்றால் வாளா உடனிருப்பார். இசை நோயைத் தீர்ப்பதில்லை. நோவையும் அச்சத்தையும் சற்றே தாங்கத்தக்கதாக்கக் கூடும்.

பேச்சு நின்றபின் செவி கேட்குமோ? 2020 இல் கனடாவின் வன்கூவர் நகரத்து ஆராய்ச்சியாளர், உணர்விழந்த இறுதிநிலை நோயாளர் சிலரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தனர். ஒலி மாறியபோது அம்மூளைகள் சில இன்னும் அதற்கு விடையிறுத்தன. கேட்டதன் பொருள் விளங்கிற்றென அது நிறுவவில்லை. ஆயினும், படுக்கையருகே நின்று “இனி ஒன்றும் கேளாது” என்று பேசத் துணிவோர் சிந்திக்க வேண்டும்.

ஓதுதல் தவறென்று நாம் கூறவில்லை. திருமுறை கேட்டவாறே கண்மூட விரும்புவோர் நம்மிடையே பலர். ஆனால், விரும்புகிறாரோ என்று அவரையே கேட்டறிதல் முறையன்றோ? வாய் பேசும் காலத்திலேயே கேட்டுவைத்தல் இன்னும் நன்று.

அம்மான் கேட்ட பாட்டு எமக்குத் தெரியாததன்று. அவரிடம் கற்றதே அது. இன்றும் முழுதும் மனப்பாடம்.