பழத்தை வச்சு மட்டும் மரத்தை எடை போடாதீங்க

ஆப்பிரிக்காவின் மருலா மரம்னு சொன்னதும் பல பேருக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, 1989-ல் வந்த அமருலா மது. இன்னொண்ணு, மருலா பழம் தின்னு போதையில் தள்ளாடுற யானை. 1974-ல் வந்த ஒரு படத்தால பரவின கதை இது. யானை உடம்புக்கு அந்தப் பழத்தால போதை ஏறுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு 2006-லயே விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்க :)

ஆக, நமக்குத் தெரிஞ்சது பழம் மட்டும்தான், மரம் இல்லை. பழத்தை மட்டும் அடையாளமா வச்சுக்கிறது அந்த மரத்துக்கே ஆபத்துங்கிறது என் கருத்து.

ஏன்னா நம்ம பனை மாதிரியே மருலாவிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்கிறது பெண் மரம் மட்டும். அதுவும் தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும்தான். மத்த மாசங்களில் என்ன செய்வீங்க?

பட்டையைப் பாருங்க. சாம்பல் நிறப் பட்டை வட்ட வட்டமா உரிஞ்சு, தேமல் விழுந்த தோல் மாதிரி இருக்கும். ஒரே காம்பில் ரெண்டு பக்கமும் சின்ன இலைகள், நுனியில் ஒத்தை இலை. இந்த இலைக்கொத்துகள் தடிச்ச கிளைகளின் முனையில் கூட்டமா இருக்கும். 'பொய் மருலா'ன்னு ஒரு மரமும் இருக்கு, ஏமாந்துடாதீங்க. அதில் ஒரு காம்புக்குச் சின்ன இலைகள் குறைவு, பழமும் பொடிசு. நிஜ மருலா பழம் பச்சையாவே கீழே விழுந்து, தரையில் கிடந்து மஞ்சளாப் பழுக்கும். உள்ளே இருக்கிறது கல் மாதிரி கொட்டை. மாவும் முந்திரியும் இதுக்குச் சொந்தக்காரங்க, ஒரே குடும்பம்.

இதெல்லாம் எதுக்குன்னு கேக்கலாம். நான் படிக்கிறது காமர்ஸ். வருமானம் தராததை நஷ்டக் கணக்கில் எழுதுற புத்தி எனக்கு நல்லாவே புரியும். "காய்க்காத மரம்தானே" என்று ஆண் மரங்களை வெட்டிக்கிட்டே போனா, பெண் மரத்துக்கு மகரந்தம் எங்கிருந்து வரும்? தேனீ சும்மா கொண்டு வந்து குடுக்குமா?

வடக்கு நமீபியாவில் இந்தப் பழச்சாற்றில் செய்யும் பானத்துக்காகவே ஒரு திருவிழா நடக்குது. 2015-ல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவில் 1998-ம் வருஷ தேசிய வனச் சட்டப்படி மருலா பாதுகாக்கப்பட்ட மரம். அனுமதி இல்லாம வெட்டக்கூடாது. ஆனா சட்டம் புத்தகத்தில் இருந்தா போதுமா? கோடாலி எடுக்கிறவருக்குப் பழம் இல்லாத நாளிலும் அது மருலான்னு தெரியணும். முக்கியமா, காய்க்கவே காய்க்காத ஆண் மரத்தைத் தெரியணும்.