பொய்ச்சாட்சி: புகார் கொடுப்பது யார்?

கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டு, ஒருவன் கூசாமல் புளுகுகிறான். பாதிக்கப்பட்டவர் போலீசுக்கு ஓடுகிறார். "அது எங்க வேலை இல்லே, கோர்ட்டுக்குப் போய்யா!" என்கிறார் ஏட்டு.

ஏட்டு சொன்னது சரிதான்! கோர்ட்டில் சொன்ன பொய்க்கு, கோர்ட்டுதான் எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். 1973 சட்டத்தில் 195-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 215. பாதிக்கப்பட்டவர் கோர்ட்டில் மனு போடலாம், அவ்வளவே. குற்றம் நிரூபணமானால் 7 ஆண்டு வரை ஜெயில்.

ஏன் இந்தப் பூட்டு? இல்லாவிட்டால் தோற்றவனெல்லாம் ஜெயித்தவன் மேல் வழக்குப் போடுவான். நியாயம்தான்.

ஆனால் சாவி இருப்பது நீதிபதி கையில் மட்டுமே! மனுவைக் கிடப்பில் போடலாமா? ஏற்பதோ, மறுப்பதோ, சீக்கிரம் சொல்லுங்கள். மறுத்தால் அப்பீலுக்காவது போவார்கள். புளுகுகிறவனுக்குப் பயம் வரவேண்டாமா?